வீட்டுக்காரங்களைக் கேட்டுச் சொல்றேன்

“இது சின்ன வேலைம்மா,” என்றார் மேஸ்திரி.

கீழ்த்தளத்துக் குளியலறைச் சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரம் கண்டிருந்தது. மேஸ்திரி அதை விரலால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, முகர்ந்தும் பார்த்தார். அதற்குள் மருமகள் இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள்.

“எத்தனை நாள் ஆகும்?”

“ரெண்டு நாள். மிஞ்சிப் போனா மூணு.”

“மூணுன்னா மூணுதானே?”

“என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? நம்ம வீடு மாதிரி நெனச்சுச் செஞ்சு குடுக்குறேன்.”

அவர் தன் வீட்டை எந்த லட்சணத்தில் வைத்திருக்கிறார் என்று அப்போதே ஒரு நடை போய்ப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அதுதான் வினை.

மருமகளின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மாமியாருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நடைப்பயிற்சி எல்லாம் முடிந்து இன்னும் இருபது நாளில், வெள்ளிக்கிழமையன்று, மருத்துவமனையிலிருந்து நேராக இங்கேதான் வருகிறார். மாடிப்படியை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். உபயோகமான குளியலறையோ மாடியில் இருந்தது. கீழே இருப்பது பழைய சாமான் போட்டு வைத்திருந்த ஒரு சின்ன அறை. அதைச் சரி செய்தால்தான் மாமியார் ஒரு வாளி வெந்நீரில் நிம்மதியாகக் குளிக்க முடியும்.

இதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. அதை மருமகள் யாரிடமும் சொல்லவில்லை. அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மாமியார் தன் மகனிடம், “அவளுக்கு வேலை வைக்காத. நான் எங்கேயாவது இருந்துக்குறேன்,” என்று சொன்னதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டாள். எங்கேயாவதாம்! சொந்த மகன் வீடு வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. அந்த வீடு விலைக்கு வருவதைத் துப்புச் சொன்னதே இந்த அம்மாதான். இப்போது ‘எங்கேயாவது’ என்றால் என்ன அர்த்தம்? மருமகளுக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமை அந்த அம்மா பளபளவென்ற குளியலறைக்குள் காலை வைத்து, “நல்லாருக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மாமியார் தந்தி ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். வார்த்தையை எண்ணித்தான் செலவு செய்வார். அந்த ஒரு வார்த்தையை வாங்கிவிட்டால் போதும்.

மருமகள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். எழுத்துப்பிழை, சொற்பிழை, ஒரே சொல் இரண்டு அர்த்தத்தில் போய் நின்று மானத்தை வாங்குகிற இடம், எல்லாவற்றையும் அச்சுக்குப் போகும் முன்பே சிவப்பு மையால் பிடிக்கிற வேலை. மேஸ்திரி ஒரு தாளில் வேலை விவரம் எழுதிக் கொடுத்தபோது அவள் கை சும்மா இருக்குமா? ‘சுவர் உடைத்தள்’ என்று இருந்ததை ‘உடைத்தல்’ ஆக்கினாள். ‘ஓடு பேர்த்தள்’, ‘ஓடு பெயர்த்தல்’ ஆனது. ‘குப்பை அல்லுதல்’, ‘அள்ளுதல்’ ஆனது. மொத்தம் பதினாலு பிழை. திருத்தி முடித்த திருப்தியில் கீழே கையெழுத்துப் போட்டு முன்பணத்தையும் எடுத்து நீட்டிவிட்டாள்.

முதல் நாள் ஓடுகள் பெயர்ந்தன. இரண்டாம் நாள் காரை உதிர்ந்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மேஸ்திரியின் சம்மட்டி சுவரைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டது.

“ஐயோ!” என்று ஒரு சத்தம் கேட்டது. அது மேஸ்திரியின் குரல் இல்லை.

மருமகள் ஓடி வந்தாள். தூசி அடங்கியபோது சுவரில் ஓர் அலமாரிக் கதவு அகலத்துக்கு வானம் திறந்திருந்தது. வானம் என்ன வானம், அது பக்கத்து வீட்டுச் சமையலறை! அடுப்புக்கு முன்னால் கையில் கரண்டியோடு பக்கத்து வீட்டு அக்கா நின்றுகொண்டிருந்தாள். கொதித்துக்கொண்டிருந்த குழம்புக்குள் அரைச் செங்கல் ஒன்று மிதக்கப் பார்த்து, முடியாமல் முழுகிக்கொண்டிருந்தது. இரண்டும் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் கடைசி வீடுகள். இந்த ஐந்து மாதத்தில் இரு பெண்களும் வாசலில் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டதோடு சரி.

“நல்லா இருக்கீங்களாக்கா?” என்றாள் மருமகள். வேறு என்ன கேட்பது?

“வாங்க தங்கச்சி,” என்றாள் அக்கா, பழக்க தோஷத்தில்.

மேஸ்திரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “சுவரு அவ்வளவு வீக்கும்மா. நல்ல வேளை, இப்பவே தெரிஞ்சுது.”

“சரி, கட்டுங்க.”

“எதை?”

“சுவரைத்தான்!”

“கட்டுறது நம்ம பேச்சுலயே இல்லியேம்மா,” என்று அவர் மடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். “பாருங்க. உடைத்தல், பெயர்த்தல், அள்ளுதல். நீங்கதானே சிவப்பு இங்க்ல திருத்திக் கையெழுத்துப் போட்டீங்க?”

மருமகள் வாங்கிப் பார்த்தாள். பதினாலு பிழையைக் கண்டுபிடித்தவள், ‘கட்டுதல்’ என்று ஒரு சொல் அந்தத் தாளிலேயே இல்லை என்பதைக் கண்டுபிடிக்கவில்லை. பிழை ஒன்றுகூட இல்லாமல் அவளே தலையைக் கொடுத்திருந்தாள்.

கட்டுதலுக்கென்று தனியாக ஒரு முன்பணத்தை வாங்கிக்கொண்டு, “செங்கல் பாத்துட்டு வந்துடுறேன்,” என்று மேஸ்திரி கிளம்பினார். கிளம்பியவர் கிளம்பியவர்தான். அன்று மாலை போன் செய்தால், “பாலத்து மேல வந்துட்டிருக்கேன்மா, சரியாக் கேக்கல,” என்றார். மறுநாளும் பாலத்து மேல். அதற்கு மறுநாளும் பாலத்து மேல். அவ்வளவு நீளமான பாலம் எந்த ஊரில் இருக்கிறது?

மருமகள் ஓட்டைக்குக் குறுக்கே ஒரு படுக்கை விரிப்பைக் கட்டினாள். விரிப்பு பார்வையை மறைத்தது, வேறு எதையும் மறைக்கவில்லை. இவள் தும்மினால் அங்கிருந்து “தண்ணி குடிங்க தங்கச்சி” என்று குரல் வந்தது. அங்கே குக்கர் விசிலடித்தால் இவள் தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தாள். நாலாம் விசிலுக்கு, “அக்கா, அடுப்பை அணைங்க!” என்று கத்தினாள். உட்கார்ந்தால் எழுந்தாள். எழுந்தால் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அச்சகத்தில் ஒரு திருமண அழைப்பிதழில் ‘மணமகன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘மேஸ்திரி’ என்று திருத்தி வைத்துவிட்டாள். நல்ல வேளையாக முதலாளி பார்த்துவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து மாமியார் போன் செய்தார்.

“சுவரு எதையும் இடிக்கலையே?”

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயே, இல்ல அத்தை! சும்மா பெயின்ட் வேலை.”

“சரி.” வைத்துவிட்டார்.

கட்டிலில் படுத்துக்கொண்டே இந்த அம்மாவுக்கு மட்டும் எப்படித்தான் மூக்கில் வேர்க்கிறதோ! மருமகள் உடனே வெளியூரில் வேலை பார்க்கும் கணவனைக் கூப்பிட்டாள். அவன் மூச்சுவிடாமல் கேட்டுவிட்டு ரொம்பத் தெளிவாகப் பேசினான்.

“பொதுச் சுவருதானே? அப்போ பாதிச் செலவு அவங்களோடது. போய்க் கேளு.”

“நான் எப்படிங்க கேக்குறது? உடைச்சது நாம.”

“அவங்க பக்கமும் சுவரு வீக்காத்தானே இருந்துச்சு? வாயைத் திறந்து கேளு. கேக்காம யாரு குடுப்பாங்க?”

தூரத்தில் உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்ல என்ன, வலிக்கவா செய்யும்? ஆனாலும் கையில் இருந்த பணம் கரைந்துகொண்டிருந்தது. மருமகள் விரிப்பின் ஓரத்தைத் தூக்கித் தலையை நீட்டினாள். பொதுச் சுவர், பாதிச் செலவு, நியாயம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

பக்கத்து வீட்டு அக்கா கையைப் பிசைந்தாள். “எனக்கு என்ன தெரியும் தங்கச்சி? வீட்டுக்காரங்களைக் கேட்டுச் சொல்றேன்.”

மருமகளுக்கு அந்த மனிதரைத் தெரியும். பஸ் டிரைவர். காக்கிச் சட்டையோடு தலையைக் குனிந்து போவார், குனிந்து வருவார். நாய் குறுக்கே வந்தால்கூட ஒதுங்கி வழிவிடுவார். நல்ல மனுஷன், பாதி என்ன, முக்கால் பங்கே தருவார் என்று நினைத்தாள்.

மறுநாள் அக்கா வாடிய முகத்தோடு விரிப்பை விலக்கினாள். “கேட்டேன் தங்கச்சி. ‘என்னைக் கேக்காம யாரு கை வச்சது? உடைச்சவங்களே கட்டட்டும்’னுட்டாங்க.”

“அவரா அப்படிச் சொன்னாரு?”

“அவங்க பேசுறதே கொஞ்சம்தான். ஆனா சுள்ளுன்னு இருக்கும்.”

“பாத்தா அப்படித் தெரியலையேக்கா?”

“நீங்க எங்க பாத்தீங்க? பழகிப் பாத்தாத்தானே தெரியும்,” என்று பெருமூச்சு விட்டாள் அக்கா. “வாரத்துக்கு ஒரு தரம் எல்லாத்தையும் கேப்பாங்க. ஆணி அடிச்சியா, குழாய் ஒழுகுதா, சுவத்துல பிள்ளைங்க கிறுக்குச்சான்னு. நான் கணக்குச் சொல்லணும்.”

மருமகள் திகைத்துப் போனாள். அப்பாவி மாதிரி குனிந்து நடக்கிற ஆள் வீட்டுக்குள் இப்படியா? அன்று மாலை டிரைவர் வாசலில் எதிர்ப்பட்டு வழக்கம் போலச் சிரித்தபோது இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

பத்தாம் நாளும் மேஸ்திரி பாலத்தை விட்டு இறங்கவில்லை. மருமகள் வேறு ஆளைப் பிடித்தாள். அவர் தன்னை இன்ஜினியர் என்றார். அக்குளில் ஒரு தலைக்கவசம் எப்போதும் இருந்தது, தலையில் வைத்து யாரும் பார்த்ததில்லை. ஓட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து, “முந்தின ஆளு யாரு? எல்லாமே தப்பு,” என்றார். பிறகு தரையைக் காலால் தட்டினார். “தரையே சரியில்லயே மேடம். தரை சரியில்லாம சுவரு எப்படி நிக்கும்?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இந்த முறை மருமகள் ஏமாறவில்லை. தாளில் ‘கட்டுதல்’ என்று தன் கையாலேயே எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டாள். இன்ஜினியரின் ஆட்கள் தரையைத் தோண்டினார்கள். மத்தியானத்துக்குள் கடப்பாரை எதிலோ ‘டங்’ என்று பட்டது. அடுத்த நிமிடம் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டு அடித்தது.

“மெயின் வால்வு எங்க?” என்று கத்தினாள் மருமகள்.

“அதைத்தான் மேடம் நானும் தேடுறேன்!” என்று கத்திக்கொண்டே இன்ஜினியர் வாசல் பக்கமாகத் தேடிப் போனார். வாசலைத் தாண்டியும் தேடிக்கொண்டே போனார். ஆட்களும் அவர் பின்னாலேயே தேடப் போனார்கள். கடைசியில் வால்வைக் கண்டுபிடித்து மூடியது மருமகள்தான். அதற்குள் தண்ணீர் ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் புகுந்து, மாவு டப்பாக்கள் சமையலறையில் மிதந்துகொண்டிருந்தன.

இரு பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆளுக்கொரு வாளியோடு இறங்கினார்கள். இவள் அந்தப் பக்கம் அள்ளிக் கொடுக்க, அவள் இந்தப் பக்கம் கொண்டு வந்து கொட்ட, இரண்டு மணி நேரத்தில் நாக்குத் தள்ளிவிட்டது. எல்லாம் முடிந்ததும் அக்கா ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

“வீட்டுக்காரங்களுக்கு இது தெரிஞ்சா வெளிய போன்னு சொல்லிருவாங்க தங்கச்சி. ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?”

“வெளிய போன்னா? உங்களையா?” மருமகளுக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

“அவங்க வீடு. சொன்னா போய்த்தானே ஆகணும்?”

“அது என்னக்கா அவங்க வீடு? உங்களுக்கும் இதுல பாதி உரிமை இருக்கு!”

அக்கா அழுகையை நிறுத்தினாள். “எனக்கா?”

“பின்ன?”

“அப்படியெல்லாமா சட்டம் இருக்கு?”

“தாராளமா இருக்கு!”

“ஆறு வருஷமா இருக்கேன். யாருமே சொல்லலையே!” என்று அக்கா வாயைப் பிளந்தாள். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. “வேண்டாம் தங்கச்சி. அவங்க காதுல விழுந்தா வம்பு.”

மருமகளுக்குத் தன் சுவர், தன் தரை எல்லாமே ஒரு நிமிடம் மறந்துபோயிற்று. மறுநாள் காலை டிரைவர் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வாசலில் போய்க் குறுக்கே நின்றாள்.

“ஏங்க, நீங்க செய்றது உங்களுக்கே நல்லாருக்கா?”

டிரைவர் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. “நானாங்க?”

“உங்களை நம்பி வந்த பொம்பளையை நடுத்தெருவுல இறக்கி விடுவேன்னு மிரட்டலாமா?”

டிரைவரின் முகம் வெளுத்துவிட்டது. “அது... உங்க காது வரைக்கும் வந்துருச்சா? நடுத்தெரு இல்லீங்க. ஓரமாத்தான் இறக்கிவிட்டேன்.”

“ஏற்கெனவே இறக்கி வேற விட்டிருக்கீங்களா?”

“போன வாரம் ஒரு தரம்தாங்க. அந்தம்மா ஸ்டாப்பிங் வர்றதுக்கு முன்னாலயே ‘நிறுத்து, நிறுத்து’ன்னு ஒரே ரகளை. நான் என்ன பண்றது?”

“அந்தம்மாவா? எந்தம்மா?” மருமகளுக்குத் தலை சுற்றியது. இந்த மனுஷனுக்கு இன்னொருத்தி வேறா! “அடப்பாவமே! அக்காவுக்கு இது தெரியுமா?”

“அவகிட்ட எதுக்குங்க சொல்லிக்கிட்டு... கம்ப்ளைன்ட் குடுத்துட்டாங்களா?”

“இன்னும் இல்ல. அவங்க குடுக்கலைன்னா நான் குடுப்பேன்!”

அன்றிலிருந்து டிரைவர் பின்பக்கச் சுவரை ஏறிக் குதித்து வேலைக்குப் போக ஆரம்பித்தார். குற்றமுள்ள நெஞ்சு என்று மருமகள் முடிவு கட்டிவிட்டாள்.

இதற்கிடையில் பாலத்து மேஸ்திரி தரையிறங்கினார். தன் சாமான்களை வேறு ஆட்கள் தொட்டுவிட்டார்கள் என்ற செய்தி அவருக்கு எப்படியோ போயிருந்தது. “என் கரண்டி எங்கம்மா? மட்டப்பலகை எங்க?” என்று கண் கலங்க வந்து நின்றார். அவ்வளவு பாசத்தை அவர் எந்தச் சுவர் மீதும் காட்டியதில்லை. மருமகள் எல்லாவற்றையும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள்.

“சுவரைக் கட்டுங்க, தர்றேன்.”

“கரண்டி இல்லாம எதை வச்சும்மா கட்டுறது?”

அதுவும் சரிதான். அதனால் தினம் காலையில் கரண்டியையும் மட்டப்பலகையையும் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தாள், சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்கினாள். அச்சகத்துக்கு லீவு போட்டுவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். மேஸ்திரிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வேலை செய்து பார்க்கும் அனுபவம் கிடைத்தது. பழக்கம் இல்லாததால் ஒரு நாளைக்கு இரண்டு வரிசைக்கு மேல் ஏறவில்லை.

பணம் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. புது ஓடு, புதுக் குழாய், சிமென்ட் எதற்கும் வழியில்லை. இனி அந்த டிரைவரிடமிருந்து பாதியைக் கறந்தே தீருவது என்று மருமகள் பேனாவை எடுத்தாள். ஒரு வரி நியாயம் கேட்டுத் தொடங்கியது எங்கேயோ போய் முடிந்தது.

‘பக்கத்து வீட்டின் வீட்டுக்காரர் அவர்களுக்கு. பொதுச் சுவரின் செலவில் பாதி தங்களைச் சேர்ந்தது. மூன்று நாட்களுக்குள் கொடுத்துவிடவும். மற்றொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கள் குணம் எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. எளியவர்களை மிரட்டி வைப்பது பெரிய மனுஷத்தனம் ஆகாது. வயதுக்கேற்ற பக்குவம் தங்களுக்கு இல்லை. தங்களைப் போன்ற ஒருவருடன் ஒரே வீட்டில் எந்தப் பெண்ணாலும் வாழ முடியாது.’

நாலு தரம் படித்துப் பார்த்தாள். ஒரு பிழை இல்லை. அரைகுறைச் சுவருக்கு மேலாக அக்காவிடம் நீட்டினாள்.

“இதை உங்க வீட்டுக்காரர் கிட்ட சேத்துருங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்.”

“சரி தங்கச்சி,” என்று அக்கா பயந்துகொண்டே வாங்கிக்கொண்டாள்.

ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று, பதில் இல்லை. வியாழக்கிழமையும் வந்துவிட்டது. விடிந்தால் மாமியார். சுவர் இடுப்பு உயரத்தில் நின்றது. தரை தோண்டியபடி கிடந்தது. கையில் பணம் இருந்தபோதே வாங்கி வைத்த கழிப்பறைக் கோப்பை கூடத்தின் நடுவில், விருந்தாளிக்குப் போட்ட நாற்காலி போல உட்கார்ந்திருந்தது. காலையில் மாமியார் போன் செய்தார்.

“எல்லாம் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது அத்தை. நீங்க வந்து பாருங்களேன். ஜம்முனு இருக்கு.”

“ரொம்ப அலையாத. உடம்பைப் பாத்துக்க,” என்றார் மாமியார். அவர் கணக்குப்படி அது ஒரு பிரசங்கம். மருமகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாளைக்கு அந்த அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு இந்தப் பள்ளத்தின் ஓரத்தில் வந்து நிற்கப் போகிறார். வேலை வைக்காதே என்று சொன்னது சரிதான் என்று நினைக்கப் போகிறார். பொய் சொன்னதும் சேர்ந்து வெளுக்கப் போகிறது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் சரசரவென்று சத்தம் கேட்டது. மருமகள் எட்டிப் பார்த்தாள். சமையலறை அலமாரி காலி. பாத்திரங்கள் அட்டைப் பெட்டிக்குள் இருந்தன. அக்கா ஒரு பெட்டியின் வாயை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

மருமகளுக்குப் பகீரென்றது. “அக்கா! துரத்திட்டாரா? என் கடுதாசியாலதானே?”

“சேச்சே, துரத்தல்லாம் இல்ல. வீட்டுக்காரங்களே இங்க குடி வர்றாங்களாம். எங்களுக்கு அடுத்த தெருவுல அவங்களே ஒரு வீடு பாத்துக் குடுத்துட்டாங்க. நல்ல வீடு தங்கச்சி.”

“குடி வர்றாரா? அவரு இங்கதானே இருக்காரு!” என்று மருமகள் உள்ளே கையைக் காட்டினாள். அங்கே டிரைவர் ஒரு மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இவள் தலையைப் பார்த்ததும் மெத்தைக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

“இவரா? இவரு என் புருஷன்! நான் சொன்னது வீட்டுச் சொந்தக்காரங்களை. நாங்க வாடகைக்குத்தானே இருக்கோம்?”

மருமகள் அப்படியே நின்றாள். வீட்டுக்காரர். பதினோரு வருஷமாக ஊரார் எழுதியதில் எல்லாம் இரண்டு அர்த்தத்தைத் தேடிப் பிடித்தவள், தன் வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் இரண்டு வாரமாக அந்த ஒரு சொல்லைக் கோட்டை விட்டிருக்கிறாள். பாவம், அந்த டிரைவர்! வாய் திறந்து மன்னிப்புக் கேட்கப் போனவளுக்கு வேறு ஒன்று உறைத்தது.

“அப்போ என் கடுதாசி?”

“அவங்ககிட்டதான் போச்சு. நேர்ல பாக்க முடியாதே, போன்ல வாசிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டாங்க. கடைசி வரியை மட்டும் ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னாங்க.”

“ஐயையோ! கோவப்பட்டாங்களா?”

“சிரிச்சாங்க தங்கச்சி. ஆறு வருஷத்துல அவங்க சிரிச்சு நான் கேட்டதே இல்ல.” அக்கா இடுப்பிலிருந்து ஒரு கனத்த உறையை எடுத்துச் சுவருக்கு மேலாக நீட்டினாள். “இந்தாங்க. உங்க பணம்.”

மருமகள் பிரித்துப் பார்த்தாள். “அக்கா, இது பாதி இல்ல. இது மொத்தச் செலவுக்கும் வருமே?”

மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உறையை எட்டிப் பார்த்தார்.

“அதான் அவங்களும் சொன்னாங்க,” என்றாள் அக்கா. “‘அவ எழுதினதுல ஒரு தப்பும் இல்ல, முழுசாவே குடுத்துரு. சுவரை மட்டும் நல்லா கெட்டியாக் கட்டச் சொல்லு, அந்தப் பக்கம் இருக்குறது என் மருமக’ன்னாங்க.”